மதிலோரம் இரண்டு பேர்

நாலு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். நாலு மணிக்கு மகள் சுகந்தி போன் செய்வாள், அம்மா டிக்கெட்டை மாற்றிவிடட்டுமா என்று கேட்பாள், நான் ஊம் என்றால் முடிந்தது, சனிக்கிழமை விமானத்தில் நான் மட்டும் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இப்போது மணி பத்து இருபது. ஐந்து மணி நாற்பது நிமிடம் கையில் இருக்கிறது. நீயும் என்னோடு வந்துவிடு என்று மூன்று வார்த்தை சொல்ல இவ்வளவு நேரம் எதற்கு, வாயில் என்ன கொழுக்கட்டையா. மாப்பிள்ளை பிரதாப் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஓக் மரத்துக் கொட்டைப் படம் போட்ட பலகையைப் பார்த்துக்கொண்டே நடங்கள் மாமா, நாலரைக்கு அந்தப் பழைய கோட்டைக்குக் கீழே வண்டியோடு நிற்கிறேன், வழி தவறவே முடியாது, ஒரு பக்கம் முழுக்க மதில்தானே என்று சொல்லிவிட்டுப் போனார். சரிதான், இடது கைப்பக்கம் மதில் கூடவே வருகிறது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்துக்குக் குறுக்கே, இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை எழுபத்துமூன்று மைல் கட்டச் சொன்ன எல்லை மதில். நான் முன்னால் போகிறேன், என் சம்சாரம் பாக்கியம் பின்னால் வருகிறாள். முப்பத்தாறு வருஷமாக இப்படித்தான். துறையூர் கடைத்தெருவிலும் சரி, ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சரி, நான் ஐந்தாறு தப்படி முன்னால், அவள் பின்னால். நேற்றுச் சாயங்காலம் எட்டு மணிக்கு, இந்த ஊரில் எட்டு மணிக்கும் வெயில் அடிக்கிறது, சாப்பாட்டு மேஜையில் வைத்து வினையை நானே விலைக்கு வாங்கினேன். சுகந்திதான் ஆரம்பித்தாள், அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும், பாப்பாவுக்கு மூன்று மாதம்தான் ஆகிறது, விசா அக்டோபர் வரைக்கும் இருக்கிறது, அம்மா மட்டும் இருக்கட்டுமா அப்பா என்றாள். எனக்கென்ன ஆட்சேபணை என்றேன். முப்பத்தொரு வருஷம் வருவாய்த்துறையில் சர்வேயராக இருந்து ஆட்சேபணை இல்லை, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த கை, வாய்க்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. அப்புறம் பாக்கியத்தைப் பார்த்து உன் இஷ்டம் என்றேன். உன் இஷ்டம் என்று புருஷன் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம், இது எங்கள் பக்கத்தில் கல்யாணமான எல்லோருக்கும் தெரியும். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, சரி, இருக்கேன் என்றாள்.

மதிலை நான் ரசிக்காமல் இல்லை. எல்லை போட்டவனுக்குத்தான் எல்லை போட்டவன் அருமை தெரியும். பாறை எங்கே உயர்கிறதோ அங்கே ஏறி, எங்கே சரிகிறதோ அங்கே இறங்கி, கோணல் இல்லாமல் கொண்டுபோயிருக்கிறான். ஏழடி அகலம் இருக்கும், உயரம்தான் போய்விட்டது, இடுப்பளவுக்கு நிற்கிறது. இவர்களுக்கும் ஒரு சர்வேயர் இருந்திருப்பான். வெயில் ஊரிலிருந்து வந்து இந்த ஈரக் காற்றில் மூக்கைச் சிந்திக்கொண்டே குச்சி நட்டுக் குச்சி நட்டுப் போயிருப்பான். அவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தானா, அல்லது அவனும் உன் இஷ்டம் என்று சொல்லித் தொலைத்தானா. வலது பக்கம் பச்சை, ஆடுகள், மறுபடியும் பச்சை, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மனுஷன் வேலை செய்வதாகத் தெரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் செங்குத்தாகப் பாறை, அடியில் ஓர் ஏரி. இறங்குவதற்குக் கல்படி போட்டிருக்கிறார்கள். ராத்திரி மழையில் நனைந்த கல். வலது கால் ஒரு விரற்கடை வழுக்கியது, அவ்வளவுதான், விழவில்லை. பிப்ரவரியில் இப்படித்தான். வெள்ளிக்கிழமை, பாக்கியம் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தாள், குளித்துவிட்டு வாளியை நகர்த்தினேன், சோப்புத் தண்ணீர், தரை ஒரு பக்கமாக எழுந்து வந்து இடுப்பில் இடித்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. எழுந்து, துடைத்து, வேட்டி மாற்றி, அவள் திரும்பி வருவதற்குள் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டேன். உடனே எழுந்தேனா என்றால் உடனே இல்லை, எவ்வளவு நேரம் என்பது இப்போது வேண்டாம், படியைப் பார், படியைப் பார்த்து இறங்கு. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. பின்னால் அவள் காலடி கேட்கிறது. நின்று கையைக் கொடுக்கலாம். கொடுத்தால் உங்களுக்கு வழுக்கிச்சா என்று கேட்பாள், கேட்டால் இல்லை என்பேன், எதற்கு வம்பு.

தாண்டவராயன் நினைப்பு வேறு வந்துவிட்டது, வராமல் இருந்தால்தான் அதிசயம். எங்கள் தெருக்கோடியில் இருந்தார், துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர், தினம் காலையில் என்னைவிட வேகமாக நடப்பார். அவர் சம்சாரம் பெண்ணுக்குப் பிரசவம் என்று அமெரிக்கா போனாள், ஆறு மாதம்தானே, ராஜா மாதிரி இருக்கேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாதம், கேட் கொக்கியில் இரண்டு நாள் பால் பாக்கெட் தொங்கியது. நானே பார்த்தேன். நடைக்குப் போகும்போது பார்த்தேன், மனுஷன் ஊருக்குப் போயிருப்பார் போல என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன். மறுநாளும் பார்த்தேன், பாக்கெட் இரண்டாகியிருந்தது, அப்போதும் தாண்டித்தான் போனேன். மூன்றாம் நாள் பால்காரன்தான் சத்தம் போட்டான், அப்புறம்தான் கதவை உடைத்தார்கள். இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் தாண்டவராயனுக்காக வருத்தப்படுகிறேன் என்று நான் நினைத்துக்கொள்கிறேன், நிஜத்தில் என் வீட்டுக் கேட்டில் பாக்கெட் தொங்குவதைத்தான் பார்க்கிறேன், அதைப் பார்த்துக்கொண்டு யார் தாண்டிப் போவார்கள் என்றுதான் யோசிக்கிறேன். சரி, இதைச் சொல்லிவிட்டால் என்ன. பயமாக இருக்கிறது, வா என்று சொன்னால் அவள் வந்துவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை, அதுதான் தொல்லையாகவும் இருக்கிறது. ஏனென்றால் இந்த நாற்பது நாளில் பாக்கியம் வேறு மாதிரி ஆகிவிட்டாள். நான் கண்டும் காணாததுமாகத்தான் இருந்தேன், ஆனாலும் தெரிகிறது. வியாழக்கிழமையானால் பஸ் ஏறித் தனியாக நூலகத்துக்குப் போகிறாள், அங்கே ஏழெட்டு வெள்ளைக்காரப் பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறார்கள், இவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கைவிரலுக்குள் அடங்கும், அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வருகிறாள். புடவைக்குக் கீழே நடக்கிற ஷூ போட்டிருக்கிறாள். துறையூரில் என்னைக் கேட்காமல் செருப்புக்கூட எடுக்காதவள், கடைக்குப் போய்க் காலை நீட்டிப் போட்டுப் பார்த்து நாலு தப்படி நடந்து காட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். புடவைக்கு ஷூவா என்றேன்.

சொல்லிவிடுகிறேன். இந்த ஏற்றம் ஏறினதும் சொல்லிவிடுகிறேன். முகத்தைப் பார்த்தால் வராது, முன்னால் நடந்துகொண்டே மதிலைப் பார்த்தபடி சொல்லிவிடலாம், அதுதான் சௌகரியம், இத்தனை வருஷம் எல்லாவற்றையும் அப்படித்தானே சொல்லியிருக்கிறேன். அப்பா செத்துப்போன சேதியையே மருதூர்ப் பாலத்தில் முன்னால் நடந்துகொண்டுதான் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். இங்க பாரு, நேத்து நான் சொன்னதை மனசுல வெச்சுக்காத என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் மடை திறந்துகொண்டது. உன் இஷ்டம்னு சொன்னது சும்மா, பிள்ளை எதிரே வேற என்ன சொல்றது, நான் தனியா இருந்துடுவேன்னு நெனைக்காத, முடியாது, பிப்ரவரியில பாத்ரூம்ல விழுந்தேன், ஒனக்குச் சொல்லல, அதுலேர்ந்து எனக்குப் பயமா இருக்கு, தாண்டவராயன் கதையாயிடும், நீ என்கூட வந்துடு பாக்கியம் என்றேன். என் வாயிலிருந்துதான் இத்தனையும் வந்ததா என்று எனக்கே ஆச்சரியம். உடம்பு லேசாகிவிட்டது. பதில் இல்லை. சரி, யோசிக்கிறாள், யோசிக்கட்டும் என்று பத்துத் தப்படி நடந்தேன். அழுகிறாளோ என்று தோன்றியது, அதற்கும் நேரம் கொடுக்க வேண்டும் என்று இன்னும் இருபது தப்படி. அப்புறம் திரும்பினேன். ஓர் ஆடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, வாய் மட்டும் அசைந்தது. பாக்கியம் இல்லை. ஏற்றத்துக்குக் கீழே, வெகுதூரத்தில், பச்சைச் சட்டை போட்ட ஒரு கிழவரோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறாள், அவளுடைய அரக்குப் புடவை ஒரு புள்ளியாகத் தெரிகிறது. முழுசாக ஒரு பர்லாங் தூரம் யாருமில்லாத காற்றுக்கு நான் என் உயிரைக் கொட்டியிருக்கிறேன். சிரிப்புத்தான் வர வேண்டும், வரவில்லை, அவமானமாக இருந்தது. காலடிச் சத்தம் கேட்கிறது, கேட்கிறது என்று நினைத்தேனே, அது யார் காலடி, என்னுடையதேதானா.

இறங்கிப் போனேன். கிழவர் என்னைப் பார்த்ததும் என்னவோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் வரும், கலெக்டருக்கே அறிக்கை எழுதியிருக்கிறேன், ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் பேசுவது பாதி மூக்குக்குள் போய்விடுகிறது. பாக்கியம்தான் எனக்குச் சொன்னாள். எனக்கு இவள் மொழிபெயர்க்கிற காலம் வந்துவிட்டது. அவர் சம்பளம் இல்லாமல் இந்தப் பாதையைப் பார்த்துக்கொள்கிறவராம், சேவையாகச் செய்கிறாராம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் போவதைக் காலையிலிருந்து மேலேயிருந்து பார்த்தாராம். "ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நடந்தா புல்லு தேஞ்சு வாய்க்கா மாதிரி பள்ளம் விழுந்துடுமாம். அடியில இன்னும் தோண்டாத கல்லெல்லாம் கிடக்காம், அது கெட்டுப்போயிடுமாம். இங்க பக்கத்துப் பக்கத்துலதான் நடக்கணுமாம்" என்றாள். எங்கள் நாடு முழுக்க ஒற்றையடிப் பாதைதான் ஐயா, நாங்கள் நடந்து நடந்துதான் பாதையே உண்டாகும் என்று அவருக்குச் சொல்லலாம் போலிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சும்மா விடவில்லை, என் தோளைத் தொட்டு நகர்த்தி அவள் பக்கத்தில் நிறுத்தினார், போட்டோ எடுக்கிறவன் நிறுத்துகிற மாதிரி, நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். போங்கள் என்று கை காட்டினார். நடந்தோம்.

பக்கத்தில் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். கை எங்கே போவது என்றே தெரியவில்லை, அவள் முழங்கை இடிக்கிறது, மன்னிப்புக் கேட்கவா முடியும், நகர்ந்தால் புல் மேட்டில் கால் மடங்குகிறது. நான் இரண்டு தப்படி முன்னால் போய்விடுகிறேன், நின்று காத்திருக்கிறேன், மறுபடியும் முன்னால் போய்விடுகிறேன். கல்யாணத்தில்கூட நாங்கள் இப்படி நடக்கவில்லை, அக்கினியைச் சுற்றும்போது நான் முன்னால், அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு பின்னால். ஒரு கால் மைல் போன பிறகுதான் அவள் நடையை முதன்முதலாகப் பார்த்தேன். ஏற்றம் வந்தால் இடது கையைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு ஏறுகிறாள். எத்தனை நாளாக இப்படி என்று எனக்குத் தெரியாது. இறக்கத்தில் பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறாள். நடக்கும்போது ராகமும் இல்லாமல் வார்த்தையும் இல்லாமல் மூக்குக்குள் எதையோ முனகிக்கொண்டே வருகிறாள், இதுவும் எனக்குப் புதிது, பின்னால் வரும்போதெல்லாம் இப்படித்தான் முனகிக்கொண்டு வந்தாளா, நாற்பது வயதிலும், இருபத்துமூன்று வயதிலும். என் ஆபீஸில் எந்த வயலுக்கு எத்தனை மூலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று பெயர். இவளை நான் அளந்ததே இல்லை. மனசு கஷ்டமாகிவிட்டது, கஷ்டப்படும்போது எனக்குக் கோபம்தான் வரும், ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறாய் என்று கேட்டுவிட்டேன். முட்டி என்றாள், கோபமில்லாமல். மணி ஒன்றாகியிருந்தது. பசிக்குது, உட்காரலாம் என்று அவளே மதில் ஓரமாக, மதில்மேல் படாமல், ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தாள்.

புளிச்சோறும் வறுத்த உருளைக்கிழங்கும். அலுமினியத் தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். எனக்கு முதலில் பிரித்துக் கொடுத்தாள், நான் ஒரு வாய் போட்டுக்கொண்டு, இதை விழுங்கியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், அதை விழுங்கியதும் அடுத்த வாய் கைக்கு வந்துவிட்டது, இப்படியே பாதிச் சோறு போயிற்று. காற்று வேறு தாளைப் பறிக்கப் பார்க்கிறது. அப்போது அவள் எதிரே ஆடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "காலையில படியில வழுக்கிச்சே, இடுப்புல வலிக்குதா?" இல்லை என்றேன். வழுக்கவே இல்லை என்றேன். "பிப்ரவரியில விழுந்தீங்களே, அந்த எடத்துல வலிக்குதான்னு கேட்டேன்" என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது. அவள் தண்ணீரைத் திறந்து கொடுத்தாள். வாளி விளிம்பு உடைந்திருந்ததாம், நான் துவைக்கப் போட்ட வேட்டியில் சோப்பு அப்பியிருந்ததாம், பனியனைக் கழற்றும்போது இடுப்பில் கையகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்ததாம், முப்பத்தாறு வருஷமா ஒங்க முதுகைப் பாத்துகிட்டே வரேன், ஒரு பக்கமா சாஞ்சு நடக்கிறது எனக்குத் தெரியாதா என்றாள். மார்ச் மாசம் பாத்ரூம் சுவரில் ஒரு பிடி வைத்தாளே, ஓட்டை போட்டு டைல்ஸைக் கெடுக்கிறாய் என்று நான் கத்தினேனே, எனக்கு முட்டி வலிக்குது என்று சொன்னாளே, அது அவளுக்கு இல்லையாம். எதிர்வீட்டு ரஹ்மத்திடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறாளாம், காலையில் ஏழு மணிக்குள் நான் வாசலுக்கு வரவில்லை என்றால் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாளாம். எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்படியானால் துறையூரிலிருந்து கிளம்பும்போதே இவள் இங்கே இருந்துவிடுவதாகத்தான் வந்திருக்கிறாள். நான் இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று, இல்லை, அவள் இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று எல்லாம் போட்டு வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறாள். "தெரிஞ்சு ஏன் கேக்கல?" என்றேன். "நீங்களா சொல்வீங்கன்னு பாத்துகிட்டே இருந்தேன். நாலு மாசம் ஆச்சு" என்றாள். அப்போது, முகத்துக்கு நேராக, புளிச்சோற்றுக் கையோடு சொன்னேன். எனக்குப் பயமா இருக்கு, நீ வந்துடு. குரல் சின்னப் பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது. அவள் தாளை மடித்தாள், மறுபடியும் மடித்தாள். "வரல" என்றாள். "கோவிச்சுக்காதீங்க. சுகந்திக்கு ஒங்களையும்தான் இருக்கச் சொல்லணும்னு இருந்துச்சு, நான்தான் வேண்டாம்னேன். நீங்க இருந்தா நான் ஒங்க பின்னாடியேதான் சுத்திகிட்டு இருப்பேன். பாப்பாவைப் பாத்துக்கறது பாதிதான். எனக்கு வேணும் இந்த நாலு மாசம். ஊர்ல நான் தனியா எங்க போயிருக்கேன், சொல்லுங்க."

கோபம் வந்தது. வந்ததை மறைப்பானேன், நன்றாக வந்தது. பெண் வீட்டில் டேரா போடுகிற ஆளா நான், ஒரு தடவை கேட்டுப் பார்த்து, நான் வேண்டாம் என்று கௌரவமாகச் சொல்ல ஒரு சந்தர்ப்பமாவது கொடுத்திருக்கலாமே. நாற்பது நாளும் என் எதிரே உட்கார்ந்து, எனக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் இத்தனை திட்டம். அவள் பக்கத்தில்தான் நடந்தேன், ஆனால் பேசவில்லை, ஒரு மைலுக்கு ஒரு வார்த்தை இல்லை. மதிலில் ராணுவத்தார் தங்கிய ஒரு சதுரக் கட்டிடம் வந்தது, வடக்குப் பக்கம் ஒரு வாசல் வைத்திருக்கிறான். எல்லை என்று கட்டிவிட்டு அதில் மைலுக்கு ஒரு வாசலும் வைத்திருக்கிறான், போகிறவன் போகட்டும், வருகிறவன் வரட்டும் என்றுதானே. நான் அந்த வாசலில் நின்று வடக்கே பார்த்தேன், ஒன்றும் இல்லை, புல்தான். சங்கிலி போட்டு அளக்கும்போது இரண்டு ஆள் வேண்டும். முன்னால் போகிறவன் சங்கிலியை இழுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் போவான், ஆனால் கோடு நேராகப் போகிறதா என்று அவனுக்குத் தெரியவே தெரியாது, பின்னால் நிற்கிறவன்தான் கண்ணை இடுக்கிப் பார்த்து, வலது, இன்னும் கொஞ்சம் வலது என்று கை காட்டுவான். இதைப் புதிதாக வந்த ஆட்களுக்கெல்லாம் நான்தான் கற்றுக்கொடுத்தேன். பின்னால் நிற்கிறவன் தூங்கினால் கிராமமே கோணலாகிவிடும் என்று சொல்வேன், சிரிப்பார்கள். இத்தனை வருஷம் நான் கோணாமல் போனதாக நினைத்துக்கொண்டிருந்தேனே. மணி மூன்றரை. கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. அதன் கீழே இருந்தது பயம்தான், அது போகவில்லை, போகாது என்றும் தெரிந்துவிட்டது. முட்டிக்குத் தைலம் கொண்டுவந்தியா என்று கேட்டேன். பையில் இருக்கிறது என்றாள். தடவிக்கொள் என்றேன். நடந்துகொண்டே தடவ முடியாது, வீட்டுக்குப் போய்த் தடவிக்கிறேன் என்றாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே சுகந்தி கூப்பிட்டாள். கோட்டையின் இடிந்த சுவர் எதிரே மேட்டில் தெரிந்தது, பள்ளத்தில் பிரதாப் வண்டி நிற்கிற இடம்கூடத் தெரிந்தது. பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், நான் என்ன சொன்னாலும் சரி என்று சொல்கிற முதுகு அது, இப்போது நான் வேண்டாம் என்று சொன்னால்கூட ஏற்றுக்கொண்டு வந்துவிடுவாள், எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "அம்மாவுக்கு இருக்கணும்னு இருக்கும்மா, மாத்திடு" என்றேன். ஒங்களுக்குப் பரவாயில்லையாப்பா என்று கேட்டாள். பரவாயில்லை என்றுதான் வாய் போயிற்று, இழுத்துப் பிடித்தேன். "இல்ல, எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இருந்தாலும் மாத்திடு" என்றேன். அந்தப் பக்கம் பாப்பா அழுகிற சத்தம் கேட்டது, சுகந்தி சரிப்பா என்று வைத்துவிட்டாள். போனைப் பையில் போட்டேன். இருவரும் ஒரு நூறு தப்படி நடந்திருப்போம். ஆள் நடமாட்டம் அதிகமாகிவிட்டது, நாய் கூட்டி வருகிறவர்கள், முதுகில் குழந்தை கட்டியவர்கள். பாக்கியம் நின்றாள்.

"அன்னைக்கு எவ்வளவு நேரம் கீழ கிடந்தீங்க?"

நாலு மாதமாக நான் நினைக்காமல் ஒதுக்கி ஒதுக்கி வைத்த இடம் அது. "நாப்பது நிமிஷம்" என்றேன்.

"யாரையும் கூப்பிடலயா? சத்தம் போட்டிருந்தா ரஹ்மத் வீட்டுக்குக் கேட்டிருக்குமே."

"கூப்பிட்டேன்."

"யாரை?"

"ஒன்னைத்தான்."

"நான்தான் கோயிலுக்குப் போயிட்டேனே" என்றாள். "சொல்லிட்டுத்தானே போனேன்."

"தெரியும்" என்றேன். "வீட்ல நீ இல்லன்னு தெரியும். நாப்பது நிமிஷமும் ஒன்னையேதான் கூப்பிட்டுகிட்டு இருந்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் முட்டியைப் பிடித்துக்கொண்டு, பாதைக்கு நடுவிலேயே, ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வரேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நானும் உட்கார்ந்தேன்.